நாழிகை வழியும் நேர்கோடும்

சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம் என்கின்றன கால அட்டவணைகள். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ., சாலையில் போனால் 500. முழு வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு 400 கி.மீ. என்பது அரை மணி நேர வேலை. மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், மேலேறுவதிலும், இறங்க முறை வரும்வரை வட்டமிடுவதிலும் கழிகிறது. அட்டவணை இதையெல்லாம் நேர்மையாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரிலிருந்து கிளம்புகிறவர் செங்கல்பட்டில் பேருந்து மாறி மீனம்பாக்கம் வந்து சேர ஆகும் இரண்டு மணி நேரத்துக்கும், நிலையத்துக்குள் பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் அதில் இடமில்லை. தூரத்தை நேரத்தால் சொல்லும் பழக்கம் விமானத்தோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தொண்டை மண்டலத்தில் அதுதான் ஆகப் பழைய பழக்கம். மாறியது ஒன்றுதான்: நேரத்தை எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது. முன்பு வீட்டு வாசலிலிருந்து எண்ணினார்கள், இப்போது ஓடுபாதையின் முனையிலிருந்து எண்ணுகிறோம். இந்த மாற்றத்தின் வரலாற்றில் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணிலேயே நடந்தது. அதற்கான விலையும் இப்போது இதே மண்ணில்தான் கேட்கப்படுகிறது.

உத்திரமேரூரின் கல்வெட்டுகளைப் படிப்பவர் முதலில் கவனிப்பது, நிலத்தை அளப்பதில் அந்த ஊர் காட்டிய கண்டிப்பு. இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக அமைந்த இவ்வூரில் ஒரு வயலைச் சொல்ல வேண்டுமென்றால் இன்ன வதிக்கு மேற்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாம் கண்ணாற்றில் இத்தனையாம் சதிரம் என்று சொன்னார்கள். வதி என்ற பாதையும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, நடுவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வரிசை எண் இருந்தது. இன்றைய சர்வே எண்ணுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பின்னால் முதலாம் இராசராசன் காலத்து நிலஅளவை, வேலி என்ற நில அலகின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை கணக்குப் பார்த்தது. இவ்வளவு துல்லியமாக நிலம் அளந்தவர்கள் சாலையை மட்டும் ஏன் கோல் வைத்து அளக்கவில்லை? தெரியாமல் விட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. நிலத்தின் அளவைப் பொறுத்து இறை கட்ட வேண்டும், நீர் பங்கிட வேண்டும், வழக்கு வந்தால் தீர்க்க வேண்டும். ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் யாரோ ஒருவருக்கு நட்டம். சாலைக்கு அப்படி யாரும் இறை கட்டவில்லை, கால்தான் கட்டியது. எனவே அதைக் காலின் கணக்கிலேயே வைத்தார்கள்.

அந்தக் கணக்குத்தான் நாழிகை வழியும் காதமும். நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகைக்குள் நடந்து கடக்கக்கூடியது நாழிகை வழி, ஏறத்தாழ ஒன்றரை மைல். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் அளவைப் பட்டியல்களில் ஏழு நாழிகை வழி ஒரு காதம், அதாவது சுமார் பத்து மைல். அந்தக் கணக்கில் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் கிட்டத்தட்ட இரண்டு காதம். காதத்தைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த, பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கற்களில் ஒன்று நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்கிறது. எழுத்தறியாதவர்களுக்காக அதே கல்லில் எண்ணைக் குழிகளாகவும் தோண்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. இருட்டில் வந்த வண்டிக்காரர்கூட விரலால் தடவி, இன்னும் எத்தனை நாள் மாட்டுக்குத் தீவனம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வழிப்போக்கருக்கு வேண்டியது அந்தக் கணக்குத்தான், அதை அந்தக் கல் குறையின்றிக் கொடுத்தது.

நடைக் கணக்கு ஆட்சியின் வடிவத்தையும் தொட்டது என்று நினைக்க இடமிருக்கிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ளன. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை அவை சொல்கின்றன. 919இல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டில் திருத்தினார்கள். இரு முறையும் அரசனின் ஆணையோடு அதிகாரி ஒருவர் வந்து சபையோடு உடனிருந்தார். தஞ்சையிலிருந்து உத்திரமேரூர் நேர்கோட்டிலேயே 200 கி.மீ.க்கு மேல். கொள்ளிடம், வெள்ளாறு, பெண்ணை எல்லாவற்றையும் கடந்து, நாளொன்றுக்கு இரண்டு காதம் விடாமல் நடந்தாலும் ஒரு வாரத்துக்குக் குறைந்து வந்து சேர முடியாது. ஏரி உடையும்போது அரண்மனையைக் கேட்டுவிட்டு மண் போட முடியாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் ஊரிலேயே இருந்தாக வேண்டும், 360 நாளுக்கு ஒரு முறை மாறவும் வேண்டும். தூரம் ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். பிரமதேயச் சபைகளுக்குத் தனி மரபு இருந்தது, நிலமும் வேத அறிவும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. ஆனாலும் ஓர் ஆணை வந்து சேர எட்டு நாள் ஆகும் நாட்டில், ஊர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது வசதி மட்டுமில்லை, கட்டாயமும்கூட.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். காதம் ஊருக்கு ஊர் மாறும், மழையில் நீளும், வெயிலில் நீளும், கிழவருக்கு ஒன்று இளைஞருக்கு ஒன்று. அதை அளவு என்று எப்படிச் சொல்வது என்பது முதலாவது. மாறுவதை மறுக்க முடியாது. ஆனால் அது மாறுவது பயணம் உண்மையிலேயே மாறுவதால்தான். கார்த்திகையில் பாலாறும் செய்யாறும் புரண்டால் காஞ்சிபுரம் எட்டிப் போய்விடுகிறது, அதைச் சொல்லாத அளவு பயணிக்குப் பயன்படாது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. நடை எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. அக்கிரகாரத் தெரு வழியாகப் போக உரிமையில்லாதவர் ஊரைச் சுற்றிப் போனார். அவருடைய நாழிகை வழி பக்கத்து வயல்காரருடையதைவிட நீளம். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த, ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல்தான் நிறைவேற்ற முடிந்தது. பழைய அளவைப் புகழ்கிறவர் இந்த உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாசலிலிருந்து எண்ணும் கணக்கில்தான் யாருடைய வாசல் என்ற கேள்வியே எழ முடியும். அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் சீனிவாசனுக்குச் சாலையின் உண்மையான நீளம் தெரிந்தது.

மனிதர் யார் என்று கேட்காத அளவு ஒன்று 1802 ஏப்ரலில் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கியது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். கருவி, 100 அடி நீள எஃகுச் சங்கிலி. முக்காலிகள் மேல் வரிசையாக மரப்பெட்டிகளை வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டில் எஃகு எவ்வளவு நீண்டிருக்கும் என்று கழித்துக்கொண்டார்கள். 400 முறை சங்கிலி போட வேண்டியிருந்தது. வேலை முடிய 57 நாள். ஒரு நடைக்காரர் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் செலவானது, அந்த நிதானத்தின் மேல்தான் இந்தியத் துணைக்கண்டத்தின் வரைபடம் நிற்கிறது. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணங்களாக விரிந்து குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம் அளவை போயிற்று. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தானே தட்டிச் சரிசெய்து மீண்டும் வேலையைத் தொடர்ந்தார். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு, சென்னை தொடங்கி மங்களூர் வரை, 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் காட்டின. லாம்டன் அளந்தபோது அது 360. தீபகற்பம் ஒரே மூச்சில் நாற்பது மைல் ஒடுங்கிவிட்டது.

அந்த நாற்பது மைல் யாருக்குக் குறைந்தது? நடந்து போனவருக்கு ஓரடியும் குறையவில்லை. இந்தக் கேள்வியை அன்றே ஒருவர் கேட்டார். லாம்டனின் செலவைப் பார்த்துச் சென்னை அரசின் நிதிக் குழு உறுப்பினர் ஒருவர், சீரங்கப்பட்டணம் போக நினைக்கும் பயணி தன் பல்லக்குத் தூக்கிகளின் தலைவரிடம் சொன்னால் போதும், வரைபடம் இல்லாமலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்று வாதாடினார். அறிவியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை மடமைக்கு எடுத்துக்காட்டாகவே சுட்டுவது வழக்கம். அவர் சொன்னதில் பாதி சரி என்பது என் கருத்து. பயணத்துக்கு வேண்டிய அறிவு தூக்கிகளிடம் இருந்தது: எங்கே நீர், எங்கே சத்திரம், எந்த ஆற்றில் எப்போது இறங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர் தவறவிட்டது, லாம்டன் பயணத்துக்காக அளக்கவே இல்லை என்பதை. பூமி எவ்வளவு பெரியது, எந்த வடிவம் என்று தெரிய வேண்டியவருக்காக அவர் அளந்தார். படை நகர்த்துகிறவருக்கும், நிலவரி விதிக்கிறவருக்கும், பின்னால் இருப்புப் பாதை போட்டவருக்கும், அணை கட்டியவருக்கும் அது அடித்தளமானது. இரண்டு அளவுகளும் உண்மைதான். ஒன்றைக் கேட்ட இடத்தில் இன்னொன்றைப் பதிலாகக் கொடுக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

பரங்கிமலை இன்னொரு வகையிலும் இந்தக் கதைக்கு வேண்டியது. சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை சுட்ட பீரங்கிகளைக் கொண்டு ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். பீரங்கியின் ஒளி தெரியும் கணத்திலிருந்து சத்தம் காதில் விழும் கணம் வரை எண்ணினார். மலையிலிருந்து வானாய்வகம் ஐந்தரை மைலுக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தை நில அளவை முன்பே கொடுத்துவிட்டது. நேர்கோட்டுத் தூரம் மாறாமலிருந்தும், ஒலி வந்து சேரும் நேரம் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் காற்றின் திசையாலும் மாதத்துக்கு மாதம் மாறியதை அவர் பதிவு செய்தார். இன்றும் ஒரே இரு நகரங்களுக்கிடையே போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடுவதற்கு எதிர்க்காற்றும் பின்காற்றும்தான் காரணம். நேர்கோட்டில் போகிறவருக்கும் இயற்கை முழுவதும் விலகி வழிவிடுவதில்லை.

இரயில் வந்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். அது நேரத்தை அட்டவணையாக்கியது. சென்னை வானாய்வகத்தின் நேரமே 1906இல் இந்திய நேரம் வரும்வரை நாட்டின் பெரும்பகுதி இரயில்களுக்குக் கடிகாரமாக இருந்தது. செங்கல்பட்டு, மதுராந்தகம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் ஆகிய ஊர்கள் இருப்புப் பாதையில் அமைந்தன, உத்திரமேரூர் அவற்றுக்கு நடுவே பாதையின்றி நின்றது. அன்றுமுதல் உத்திரமேரூர்க்காரரின் பயணத்துக்கு இரண்டு கணக்கு: நிலையம் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. முதல் கணக்கு எந்த அட்டவணையிலும் அச்சாகவில்லை. விமானம் இந்தப் பிளவை இன்னும் அகலமாக்கியது. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலோடு பறந்தார். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்த விமானங்களுக்கு வேண்டியது ஒரு மைதானம் மட்டுமே. பின்னால் மீனம்பாக்கத்தில், லாம்டன் சங்கிலி போட்ட அதே பரங்கிமலையின் கண்பார்வையில், ஓடுபாதை நீண்டது. மலையிலிருந்து கோட்டை, கோட்டையிலிருந்து மங்களூர் என்று அன்று கணக்கில் மட்டுமே இழுத்த கோடுகளின் மேல் இப்போது பயணிகள் போகத் தொடங்கினார்கள்.

நேர்கோட்டுக்கும் தரை வேண்டும் என்பதை 2015 டிசம்பர் நினைவூட்டியது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகப் போகிறது. செம்பரம்பாக்கம் ஏரி திறந்து ஆறு கரை கடந்தபோது நிலையம் நீருக்குள் போய்ப் பல நாள் மூடிக் கிடந்தது. அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் இராஜாளி தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள். அங்கே இறங்கியவர்கள் சென்னைக்கு வர இன்னும் 70 கி.மீ. சாலையில் போக வேண்டியிருந்தது. வானில் போன நேரம் அட்டவணைப்படியேதான் இருந்தது. பயணத்தின் பெரும்பகுதியோ தண்ணீர் தேங்கிய சாலையில் கழிந்தது. 2021 நவம்பரில் பாலாறும் செய்யாறும் பெருகியபோது காஞ்சிபுரம் – உத்திரமேரூர் வழியில் வெங்கச்சேரித் தரைப்பாலம் சேதமாகி வண்டிகள் சுற்றிப் போயின. பல்லவர் காலத்தில் இங்கே நடந்தவரை நிறுத்திய அதே நீர்தான் அது. சாலையின் பலகையில் எழுதிய கிலோமீட்டர் மட்டும் அன்றும் மாறவில்லை.

அப்படியானால் விமானமே வேண்டாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் தந்தையின் இறுதிச் சடங்குக்கு வந்து சேர்வதும், மாற்று உறுப்பு ஒன்று சில மணி நேரத்துக்குள் இன்னொரு நகரத்து அறுவை அரங்குக்குப் போவதும் விமானத்தால்தான் முடிகிறது. 1,700 கி.மீ.க்கு மேல் உள்ள தில்லிக்கு மூன்று மணி நேரத்துக்குள் போவதற்கு இணையான வழி தரையில் இல்லை. தூரம் கூடக் கூட வாசல் நேரத்தின் பங்கு குறைகிறது, விமானத்தின் நியாயம் கூடுகிறது. 400, 500 கி.மீ.க்குள் அந்த நியாயம் மெலிந்துவிடுகிறது. 2023 ஏப்ரல் 8இல் தொடங்கிய சென்னை – கோவை வந்தே பாரத் இரயில், நிலையம் வரை போகும் நேரம் நீங்கலாக, ஆறு மணி நேரத்துக்குள் போகிறது. மீனம்பாக்கத்தில் ஒரு மணி பத்து நிமிடப் பயணத்துக்கு ஏறும் உத்திரமேரூர்க்காரருக்கும் வாசலுக்கு வாசல் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் விருப்பம். தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் எண் முழுமையானதாக இருக்க வேண்டும் என்பதுதான் வாதம்.

2022 ஆகஸ்டில் சென்னையின் புதிய விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் என்று அறிவித்தபோது இந்த வாதம் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. பரந்தூர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. மீனம்பாக்கத்தில் இடமில்லை, பயணிகள் பெருகுகிறார்கள் என்பது அரசின் வாதம். மலையும் ஆறும் குடியிருப்பும் சூழ்ந்த மீனம்பாக்கத்தைப் பார்க்கும்போது அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிலையம் 70 கி.மீ. தள்ளிப் போவதால் கூடும் சாலை நேரம் எந்த விமான அட்டவணையிலும் ஏறாது. பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு ஏறத்தாழ 53 கி.மீ. மெட்ரோ பாதை திட்டமிட்டிருப்பதே அந்த நேரத்தை யாராவது சுமக்க வேண்டும் என்பதற்குச் சான்று. பரந்தூர் வந்தால் காஞ்சிபுரம், வாலாஜாபாத் பக்கத்து மக்களுக்கு விமானம் அருகில் வருமே என்பார்கள். எப்போதாவது பறக்கிறவருக்கு வரும்தான். ஏகனாபுரம், நெல்வாய், நாகப்பட்டு முதலிய ஊர்களில் தினமும் வயலுக்கும் ஏரிக்கரைக்கும் போகிறவருக்கு எதிர்ப்பக்கக் கணக்கு இருக்கிறது. ஏகனாபுரத்தார் 2022 முதல் மாலைதோறும் கூடிப் போராடி வந்திருக்கிறார்கள். பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் திட்ட நிலத்துக்குள் ஓடுகிறது. ஏரிகளால் பெயர் பெற்ற மாவட்டத்தில் அந்தக் கால்வாயை வேறு வழியில் திருப்பினால் கீழே உள்ள ஏரிக்கு நீர் வந்து சேர எத்தனை நாள் கூடும் என்பதும் தூரக் கணக்குத்தான். உத்திரமேரூரின் ஏரி வாரியம் ஆண்டுதோறும் பார்த்துவந்த கணக்கு அது. திட்ட அறிக்கையில் விமானம் மிச்சமாக்கும் நிமிடங்களுக்கு ஒரு பத்தி இருந்தால் அதற்குப் பக்கத்தில் இந்தக் கணக்கும் இருக்க வேண்டும்: பரந்தூருக்கு வந்து சேர ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பேருந்தில் ஆகும் நேரம், வெள்ள நாளில் ஆகும் நேரம், இடம் பெயர்க்கப்படுகிறவர் புதிய வீட்டிலிருந்து பழைய வேலைக்குப் போக ஆகும் நேரம். இவற்றை அளக்க எஃகுச் சங்கிலி வேண்டாம், வாரத்தில் சில நாள் அந்த வழிகளில் போய்க் கேட்டாலே போதும்.